வயதைக் கேட்டால் வயது மட்டும்

“உனக்கு என்ன வயது?” என்று கேட்பது நம் நாட்டில் புதிதன்று. அரை டிக்கெட் கேட்டால் பேருந்து நடத்துனர் கேட்பார். திருமணம் என்றால் பங்குத் தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்ப்பார். திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஒரு சிறுவன் சிகரெட் கேட்டால், கடைக்காரர் முகத்தைப் பார்த்தே விரட்டிவிடலாம். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கலாகாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். கடைக்காரர் பார்ப்பார், மறுப்பார், மறந்துவிடுவார். இணையமோ மறப்பதில்லை.

இணையத்திற்கு நம் முகம் தெரியாது. ஆகவே சான்று கேட்கிறது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இப்பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

நல்ல சட்டமே. ஆயினும் தோழியரே, சற்றுச் சிந்தியுங்கள்! சிறியவர் யார் என்று பிரித்தறியப் பெரியவர்களும் அல்லவா தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது? எனக்காக ஒப்புதல் தர என் அம்மாவும் தாம் யார் என்று காட்ட வேண்டும். அதற்கு ஆதார் அட்டையைக் கொடுத்தால், வயதோடு முகமும் முகவரியும் சேர்ந்தே போகின்றன.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில், இணையத்தில் பணம் கட்டி விளையாடுவோருக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தரங்க உரிமை பாதிக்கப்படுகிறது என்று வழக்குத் தொடரப்பட்டது. ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றது. அந்த விளையாட்டால் குடும்பங்கள் சீரழிந்ததை எண்ணும்போது, அது நியாயமாகவே தோன்றுகிறது.

ஆனால் கொடுத்த சான்று பத்திரமாக இருக்குமா? வயதை மெய்ப்பிக்கப் பலர் அனுப்பிய அடையாள அட்டைப் படங்களில், ஏறத்தாழ 70,000 பேருடையவை வெளியாகியிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனமே அறிவித்தது. கடவுச்சொல் பறிபோனால் மாற்றலாம். முகத்தையும் பிறந்த நாளையும் மாற்ற முடியுமா? ஒரு பெண்ணின் படமும் முகவரியும் அந்நியரிடம் சிக்கினால், ஊர்ப்பழி அவள்மீதே விழுகிறது. சில வீடுகளில் அவள் படிப்பே நின்றுபோகும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் உரியதன்றோ?

நம் காவிரிப் படுகையில் வயலுக்கு நீர் வேண்டுமென்றால் மதகைத் திறப்பார்கள். கரையை உடைக்க மாட்டார்கள். இணையத்திற்கும் அத்தகைய மதகு வேண்டும். “இவர் 18 வயது நிரம்பியவரா?” என்ற கேள்விக்கு “ஆம்”, “இல்லை” என்ற விடை மட்டும் சென்றால் போதும். வயதைக் கேட்பவர் வயதை மட்டும் பெறட்டும்!