மணிலாவில் இரண்டு கேள்விகள்

மணிலா போய்ச் சேர்ந்த மறுநாள் காலை நம் மூக்குக் கண்ணாடி காணாமற் போயிற்று. பிரயாணத்துக்கு முன் பிலிப்பினோ பாஷையில் ஐம்பது வார்த்தைகள் நெட்டுருப் போட்டிருந்த தைரியத்தில், தங்கியிருந்த வீட்டு அம்மாளிடம், "நாஸாஆன் ஆங் ஸாலாமின்?" என்று கேட்டோம். கண்ணாடி எங்கே என்று அர்த்தம். நம் 'கண்ணாடி'யைப் போலவே 'ஸாலாமின்' என்பதும் முகம் பார்ப்பதற்கும் மூக்கில் மாட்டுவதற்கும் பொது. அம்மாள் சிரித்துக்கொண்டே, "நந்தியான் போ" என்றார்.

'போ' என்றதற்காகத் தமிழர் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே அது மரியாதைச் சொல்! 'நந்தியான்' என்றால் 'அங்கே இருக்கிறது' என்று எண்ணிக் கூடம், தாழ்வாரம், மாடிப்படி எல்லாம் தேடினோம். கடைசியில் அவர் தம் தலையைத் தொட்டுக் காட்டி, "நாஸா ஊலோ" என்றார். கண்ணாடி நம் தலைமேலேயே இருந்தது.

அந்தப் பாஷையில் இடத்தைக் காட்டும் சுட்டு மூன்று. பேசுகிறவர் அருகே இருந்தால் 'நந்தித்தோ'. கேட்கிறவர் அருகே இருந்தால் 'நந்தியான்'. இருவருக்கும் தொலைவானால் 'நந்தோன்'. நமக்கு இது புதுமையா? அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துக்களை நன்னூல் சொல்கிறது. இருபது வருஷமாக அதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறோம். ஆனாலும் 'உவன்', 'உங்கே' என்று தமிழ் நாட்டில் யார் பேசுகிறார்கள்? யாழ்ப்பாணத்தார் மட்டும் 'உங்கை' என்று இன்னும் வழங்குகிறார்கள். நாம் தொலைத்துவிட்ட சுட்டு, மணிலாவில் ஒரு மூக்குக் கண்ணாடிக்காக எதிரே வந்து நின்றது.

'நாஸா' என்பதிலேயே 'இருக்கிறது' என்பதும் அடங்கிவிடும். 'நாஸா பாஹாய்' என்றால் வீட்டில் இருக்கிறார். வீட்டில் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று ஒரு காரியத்தைச் சொல்ல வந்தால் வெறும் 'ஸா பாஹாய்' போதும்.

அன்று பிற்பகல் கொட்டும் மழை. ஸ்பானியர் 1896 டிசம்பர் 30-இல் ரிஸாலைச் சுட்டுக் கொன்ற லுனெட்டா மைதானத்துக்குப் போவதாக இருந்தோம், போகவில்லை. 'தாஹில் ஸா உலான்', அதாவது மழை காரணமாக. பார்த்தீர்களா, இடத்தைக் காட்டிய அதே 'ஸா' காரணத்துக்கும் துணை வருகிறது! 'மழை பெய்கிறபடியால்' என்று வினையோடு சொன்னால் 'ஸா' வேண்டாம்; 'தாஹில் உமுஉலான்'. வீட்டுப் பேச்சிலோ 'தாஹில்' இருக்குமிடத்தில் பெரும்பாலும் 'காஸி'தான். நாம் காரணத்தை முன்னே சொல்லி, 'ஆகையால்' என்று காரியத்துக்கு வருவோம். அவர்களும் 'காயா' என்ற சொல்லால் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் 'வரவில்லை' என்று முதலில் போட்டு உடைத்துவிட்டு, 'காஸி' என்று பின்னால் காரணம் சொல்வதே நம் காதில் அதிகம் விழுந்தது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். ஆசிரியருக்கு அங்கே 'குரோ' என்று பெயர், நம் 'குரு'தான். நனைந்த சட்டையோடு ஒரு சிறுவன் தாமதமாக வந்து வாசலில் நின்றான். "பாக்கித்?" (ஏன்?) என்றார் ஆசிரியை. "உமுஉலான் காஸி" என்றான். உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

இந்தச் சின்னக் கேள்வி பதிலுக்குப் பின்னால் பெரிய சரித்திரம் உண்டு. 1901-இல் அமெரிக்க ஆசிரியர்கள் கப்பலில் வந்து இறங்கியது முதல் பள்ளிக்கூடப் பாஷை ஆங்கிலம். 1937-இல், ரிஸால் இறந்த அதே டிசம்பர் 30-ஆம் தேதி, ஜனாதிபதி கெஸோன் டகாலோக்கைத் தேசிய பாஷைக்கு ஆதாரமாகப் பிரகடனம் செய்தார். 1940-இல் லோப்பே ஸாந்தோஸ் எழுதிய இலக்கணம் வெளிவந்தது. அவ்வருஷமே பள்ளிகளில் போதனையும் ஆரம்பமாயிற்று.

அச்சிறுவனைப் பார்த்ததும் நம் வகுப்புப் பையன் ஒருவன் நினைவு வந்தது. நாம் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசலாகாது என்று விதி. தாமதமாக வந்தவனை "ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டோம். விழித்தான். மறுபடியும் கேட்டோம். தலை குனிந்தான். மணி அடிக்கும்வரை வெளியே நிற்க வைத்தோம். இடைவேளையில் தூணுக்கு அப்பால் தன் சிநேகிதனிடம் அவன் ஒரே மூச்சில் தமிழில் சொன்னது காதில் விழுந்தது. மழையில் பஸ் நிற்காமல் போய்விட்டதாம்; மூன்று மைல் நடந்தே வந்தானாம். ஆஜர்ப் புஸ்தகத்தில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மசியில் குறி போட்டாகியிருந்தது. அதை நாம் அடிக்கவில்லை.