மணிக்கும் மூட்டுவலி
வலித்தால் நாய் கத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூட்டுவலி வந்தால் பெரும்பாலும் அது கத்துவதில்லை, தயங்கும். படியேற யோசிக்கும். தூங்கி எழுந்ததும் நான்கடி நொண்டும். முன்பு தாவி ஏறிய சோபாவைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்ளும். 'வயசாயிடுச்சு' என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

12 வயது மணியையும் அப்படித்தான் விட்டிருந்தார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டிதான் கவனித்தார். "என்னை மாதிரியேதான் இவனும் காலையில எழுந்திருக்கத் திணறுறான்" என்றவர், தன் வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் பதறிவிட்டார். மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பூனைக்கோ ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

நாய்க்கான வலி மருந்தை அவர் எழுதித் தந்தார். மீதி வேலை வீட்டில். வழுக்கும் டைல்ஸ் மீது ரப்பர் மேட் விரித்தார்கள். எடை குறைய, தட்டில் சோற்றைக் குறைத்தார்கள். ஒரே நீண்ட நடைக்குப் பதில், காலையும் மாலையும் 10 நிமிடம் மட்டும்.

தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, வலியைக் குறைக்கலாம். பாட்டி தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால், இப்போது மணியும் எழுந்து கூடவே போகிறான்.