ஊசி இல்லாத கார்ட்



போன கிழமை இண்டர்வல் நேரம், தரம் 8 மாணவன் ஒருவனின் உம்மா லீவுக் கடிதத்தோடு வந்தார். குடும்பமாக உம்ராவுக்குப் போகிறார்களாம். "மகனுக்கு மெனிஞ்சைடிஸ் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டேன். "கார்ட் மட்டும் எடுத்தாப் போதுமாம் டீச்சர். சின்னப் புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். எங்களை அனுப்பியவர் ஊசி போடாமலே கார்ட் எடுத்துத் தந்தார். மகனுக்கு ஊசி என்றால் பயம், எனக்கு அலைச்சல் மிச்சம். வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து நாலாம் நாள் இரவு அவனுக்குக் காய்ச்சல், கடும் தலையிடி. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊசி போட்டதா?" கார்டில் இருக்கிறது, உடம்பில் இல்லை. அதை அவரிடம் ஒப்புக்கொண்ட நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்.

பிறகுதான் தேடி வாசித்தேன். 2000 ஹஜ்ஜில் டபிள்யூ135 என்ற வகைக் கிருமி பரவியது. அப்போது பலர் போட்டிருந்த ஊசி ஏ, சி வகைகளுக்கு மட்டுமே. ஹாஜிகள் ஊர் திரும்பியபின், மக்காவுக்கே போகாத வீட்டாரும் நோயில் விழுந்தார்கள். அதனால்தான் 2002 முதல் நான்கு வகைக்குமான ஊசியை சவூதி கட்டாயமாக்கியது. 2024இலும் உம்ராப் பயணத்தோடு தொடர்புபட்டு அமெரிக்கா, பிரான்ஸ், பிரித்தானியாவில் 12 பேருக்கு நோய் வந்தது. ஊசி விபரம் தெரிந்த 9 பேரும் போடாதவர்கள்.

இந்தக் கிருமி தொண்டையில் சத்தமில்லாமல் இருக்கும். அதிகம் சுமப்பது இளவயதினர். நெருங்கிப் பழகுவோருக்குத் தொற்றும். என் வகுப்பில் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டித்தான் இருக்கிறார்கள். நோய் முற்றினால் ஒரே நாளில் உயிர் போகலாம். சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். தப்பியவர்களிலும் சிலருக்குக் காது கேளாமல் போகிறது.

நம் நாட்டில் பிள்ளைகளுக்கு வழமையாகப் போடும் ஊசிகளில் இது இல்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் வேண்டும், போய்ச் சேர 10 நாளுக்கு முன்பாவது போட வேண்டும். பொரளை எம்.ஆர்.ஐ. தெமட்டகொடையிலிருந்து எவ்வளவு தூரம்?

காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கண்ணாடிக் கிளாஸால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் கண்டால், விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த உம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன், என் கதையையும் மறைக்காமல். நேற்றுக் காலை மகன் கையைத் தேய்த்துக்கொண்டே வகுப்புக்கு வந்தான்.

"நோகுது டீச்சர்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.