ஐம்பதரை எம்.எம். பிஸ்டன் தேடி

1. சிதம்பரம்

சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் நடராஜரைப் பார்க்க வருவார்கள், இல்லையென்றால் பிச்சாவரத்தில் படகேற வருவார்கள். நான் வந்தது ஒரு மோட்டார் சைக்கிளை எழுப்புவதற்கு.

சித்தப்பா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது 1990-ல் கடன் போட்டு வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100. அவர் காலமான பிறகு கொல்லைத் தாழ்வாரத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. "எடைக்குக் கேட்டுட்டுப் போனான்டா ஒருத்தன். கொடுக்க மனசு வரலை. நீயாவது ஓட்டு" என்று சித்தி ஆர்.சி. புக்கையும் சாவியையும் என் கையில் வைத்துவிட்டார். டி.என். 31 என்று தொடங்கும் கடலூர் நம்பர். எழுத்து இன்னும் சித்தப்பா கையால் பூசிய வெள்ளைப் பெயின்டில்தான் இருக்கிறது.

கீழவீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பட்டறை. மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். குட்டியானையிலிருந்து வண்டியை இறக்கும்போதே, "வாத்தியார் வண்டியில்ல இது?" என்றார். கிக்கரை மிதித்தார், அசையவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விட்டு, "ஊறட்டும், நாளைக்கு வா தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு முதல் ஆச்சரியம் அந்தப் பட்டறையின் சுத்தம். ஸ்பேனர்கள் சுவரில் அளவு வரிசையில் தொங்கின. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனித் தயிர் டப்பாவில், டப்பா மேல் சாக்பீஸில் பெயர். நான் தங்கிய லாட்ஜில் வாளிக்கு அடியில் இருந்த அழுக்கை நினைத்துக்கொண்டேன். அங்கே வாடகை வாங்குகிறார்கள். இங்கே கிரீஸ் வேலை நடக்கிறது. இடம் மாறியிருக்க வேண்டும்.

மறுநாள் மேஸ்திரி போர் பார்த்துக்கொண்டே பழைய கதை சொன்னார். அதுவரை புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்று மூன்றையே சுற்றிவந்த ஊரில் ஜப்பான்காரன் நுழைந்தது எண்பதுகளின் நடுவில். 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி. 85-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே வருஷக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இறக்கிய ஆர்.எக்ஸ். 100. அடுத்த வருஷம் கவாசாகி பஜாஜ். "ஹோண்டா மைலேஜ் கொடுத்துச்சு, மாமனார்ங்க வாங்கிக் கொடுத்தாங்க. ஆர்.எக்ஸ். பையன்களா பார்த்து வாங்கினது. 98 சி.சி.தான். ஆனா 11 குதிரை. வண்டியே நூறு கிலோ சொச்சம். பறக்காம என்ன செய்யும்?" வாத்தியாரும் அந்தக் காலத்தில் பையனாகத்தான் இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு தீர்ப்பு. பிளாக்கின் உள்சுவரில் கோடு கோடாகக் கீறல். "போர் அம்பது எம்.எம்., ஸ்ட்ரோக்கும் அம்பது எம்.எம். கால் பாயின்ட் போர் முன்னாடியே யாரோ போட்டுட்டாங்க. இப்ப அரை பாயின்ட் போட்டாத்தான் கீறல் போகும். அம்பதரை எம்.எம். பிஸ்டன் வேணும். டூப்ளிகேட்னா சாயங்காலமே பஸ்ல வரவழைச்சிடலாம். ஒரிஜினல்தான் வேணும்னா நீ அலையணும்." காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதினார்: பிஸ்டன் கிட், ரீட் வால்வு, ஆயில் பம்ப், ஸ்பீடோமீட்டர். ஒரு வெர்னியர் காலிப்பரையும் கொடுத்தார். "அளந்து வாங்கு. பெட்ரோல் நனைச்ச துணியில துடைச்சுப் பாரு. நல்ல சாமான்ல அளவைக் குத்தியிருப்பான். மையில எழுதியிருக்க மாட்டான்."

நான் அலையக் கிளம்பும் முன் என்னைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, மசித்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, வறுத்து அரைத்த கொத்தமல்லி விதையும் மிளகாயும் போட்டு இறக்குகிறார்கள். சென்னையில் இதே பெயரில் ஒன்றைப் பரிமாறுகிறார்கள். அதைச் சாம்பார் என்று சொல்லியிருந்தாலாவது மன்னித்திருக்கலாம். மேஸ்திரி இட்லியைத் தொட்டுக்கொள்வதில்லை. கொத்சில் முக்கி எடுக்கிறார். காசு நான் கொடுக்கப் போனபோது கடைக்காரரே வாங்க மறுத்தார்: "மேஸ்திரிகூட வந்தவங்ககிட்ட வாங்கினா நாளைக்கு என் டி.வி.எஸ். ஓடாது."

2. கடலூர் வழியாகப் புதுப்பேட்டை

கடலூரில் இறங்கியது சைலன்சருக்கு குரோம் போட. சிப்காட் தாண்டும்போது பஸ் ஜன்னலை மூடினேன். பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்தார். "வாடை வந்தாத்தான் எங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சுன்னு தெரியும்" என்றார். இது சிரிக்கிற விஷயமில்லை, ஆனால் அவர் சிரிக்கிறார்.

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, எல்லை எதுவரை என்பதற்கு நாலு பக்கமும் பீரங்கி சுட்டார்களாம். குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. குரோம் போடுபவர் சைலன்சரைக் கையில் வாங்கிப் பார்க்காமலே விலை சொன்னதும் எனக்கு அந்தப் பீரங்கி ஞாபகம் வந்தது. எங்கே விழுகிறதோ அதுவரை அவருடையது. பாதிக்குப் பேசி முடித்தேன். உப்புக் காற்றில் இங்கே இரும்பு நிற்காது என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போன பிறகு வந்த வண்டிகளை வைக்க இடமில்லாமல் தெருவில் நிறுத்தினாராம்.

சென்னை புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூவத்துக்கு அருகே ஒரு தெரு முழுக்கக் கதவுகள், அடுத்த தெரு முழுக்கக் கியர் பாக்ஸ்கள். காலையில் முழு வண்டியாக நுழைவது மத்தியானம் பத்துக் கடைகளில் தொங்குகிறது. ஆர்.எக்ஸ். சாமான் என்றதும் நாலைந்து பையன்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கடையில் உட்காரவைத்தார்கள்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் எடுத்துவந்தார். மேலே சிவப்பில் ஜப்பான் எழுத்து. "85-ல முதல் லாட் வண்டி ஜப்பான்லேர்ந்து கிட்டா வந்து இங்க பூட்டினது சார். அந்த ஸ்டாக். இதான் கடைசிப் பெட்டி. 4,500." முதலில் வந்த வண்டிகள் ஜப்பான் கிட்களில் பூட்டியவை என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் பாதிக் கடைகள் ஓடுகின்றன. அப்போது வந்த சாமான்கள் இத்தனை வருஷமாக விற்றுத் தீராமல் இருப்பது அட்சயபாத்திரத்துக்கு அடுத்த அதிசயம்.

காலிப்பரை எடுத்தேன். அவர் முகம் மாறியது. பிஸ்டனின் அடிப்பாகத்தை அளந்தேன்: ஐம்பதரைக்குக் கிட்டே வரவில்லை, ஐம்பதேகாலுக்கும் குறைவு. கைக்குட்டையில் பெட்ரோல் தொட்டு மண்டையைத் துடைத்தேன். '0.50' என்ற எண் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

"இது என்னண்ணே?"

"ஏன் சார் அழிக்கிறீங்க? இனிமே இதை நான் யாருக்கு விப்பேன்?"

கூட்டம் சேர்ந்தது. நான் குரலை உயர்த்தினேன். அவர் என்னைவிட உயர்த்தினார். ஜப்பான் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்றேன். "பெட்டி ஜப்பான்தான் சார். உள்ள இருக்கிறதைப் பத்தி நீங்க கேட்கவே இல்லையே" என்றார். கூட்டத்தில் ஒருவர் எனக்குப் பரிந்துபேசத் தொடங்கி, கடைசியில் தன் கடைக்கு வரச் சொல்லி விசிட்டிங் கார்டு நீட்டினார். அதைப் பார்த்ததும் கடைக்காரருக்குக் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவர்கள் இருவரும் சண்டை போட, நான் வேடிக்கை பார்த்தேன்.

எல்லாம் அடங்கியபின் டீ வரவழைத்தார். "பிஸ்டனை விடுங்க. ஸ்பீடோமீட்டர் பாருங்க, இது அக்மார்க் வண்டியில கழட்டினது" என்றார். அது நிஜமாகவே நல்ல சாமான். முள்ளும் கண்ணாடியும் பழுதில்லை. விலை பேசி முடித்ததும் கட்டிக்கொண்டே கேட்டார்: "எத்தனை கிலோமீட்டர் ஓடினதாக் காட்டணும் சார்? சொன்னா வச்சுத் தந்துடறேன்." ஏமாற்றுவதிலும் இவ்வளவு பணிவு வேறெங்கும் கிடைக்காது.

3. நெய்வேலி

மேஸ்திரி ஒரு விலாசம் கொடுத்தார். சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக நெய்வேலி. வடலூரில் வள்ளலாரின் தருமசாலையில் சாப்பிட்டேன். 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்கிறார்கள். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. புதுப்பேட்டைக்குப் பிறகு, ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு யாரும் விலை சொல்லாதது கொஞ்சம் பதற்றமாகக்கூட இருந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருக்கள் நேராக ஓடுகின்றன, மரங்கள் வரிசையாக நிற்கின்றன, குப்பை கண்ணில் படவில்லை. நான் போன வீட்டில் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். போர்ட்டிகோவில் இரண்டு ஆர்.எக்ஸ்., இரண்டும் சொந்தப் பெயின்டில்.

"ஓட்டவா, ஹாலில் நிறுத்தவா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஓட்ட என்றேன். "பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்தார். லட்சத்துக்கு மேல செலவு பண்ணி குரோம் பூசி, கண்ணாடி ரூம்ல வைக்கப் போறாராம். தண்ணி கொடுத்து அனுப்பிட்டேன்" என்றார்.

1996-ல் ஆர்.எக்ஸ். 100 நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், கடலூர் போய் போனஸ் பணம் முழுவதையும் உதிரி சாமான்களில் போட்டவர் இவர். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். உள்ளேயிருந்து அம்மா பதில் சொன்னார்: "அந்த வருஷம் எனக்குப் பொங்கல் புடவை கிடையாது தம்பி." பெரியவர் பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பார்ட் நம்பர், வாங்கிய தேதி. மேல்தட்டில் அம்மாவின் புடவைகள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாசனை.

பட்டியலைப் பார்த்தார். ரீட் வால்வு இருந்தது. ஆயில் பம்ப் இருந்தது. அதைக் கையில் கொடுக்கும் முன் ஒரு வகுப்பே எடுத்தார். "பழைய டூ-ஸ்ட்ரோக்ல பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஊத்தணும். வேகமாப் போனாலும் மெதுவாப் போனாலும் அதே கலவைதான். யமஹாக்காரன் ஆயிலுக்குத் தனி டேங்க் வச்சான். ஆக்ஸிலரேட்டர் முறுக்கற அளவுக்குப் பம்ப் ஆயில் விடும். நம்ம மெக்கானிக்குங்க பம்ப் கெட்டா சரிபண்ணத் தெரியாம கழட்டிப் போட்டுட்டு, பெட்ரோல்ல கலந்துக்கன்னுடுவாங்க. பாதி ஆர்.எக்ஸ். பம்ப் இல்லாமத்தான் புகைவிட்டுட்டு ஓடுது."

பிஸ்டன் மட்டும் இல்லை. அவரிடம் இருந்தவை எல்லாம் ஸ்டாண்டர்ட் அளவு. "நான் என் வண்டியைப் போர் போடற நிலைமைக்கு விட்டதே இல்லை" என்றார். அதில் என் சித்தப்பாவுக்கு ஒரு குட்டு இருந்தது.

விலை கேட்டேன். "பொட்டலத்துல ஒட்டியிருக்கே." 1996 விலை. அது இன்று ஒரு ஓட்டல் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது என்றேன். "நான் வியாபாரி இல்லை தம்பி" என்று பேச்சை முடித்துவிட்டார். அம்மாவிடம் ஒரு புடவையாவது வாங்கிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வாங்கிக் கொடுங்க. பீரோவுல வைக்க இடம் இருக்கான்னு அவரைக் கேட்டுட்டு வாங்குங்க" என்றார்.

4. மறுபடியும் சிதம்பரம்

இந்த வாரம் சுருக்கமாக முடிக்கிறேன். ஒரிஜினல் பிஸ்டனுக்காகப் பாண்டிச்சேரி, சேலம் என்று போன இடங்களில் எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் ஜப்பான் என்றார்கள். எல்லோரிடமும் கைக்குட்டை கறுத்தது.

மேஸ்திரி கடைசியில் கடலூரிலேயே விற்கிற இந்தியத் தயாரிப்பு பிஸ்டன் ஒன்றை வரவழைத்தார். பெட்டியில் எந்த நாட்டுப் பெருமையும் இல்லை. அளவு மட்டும் சரியாக இருந்தது. போர் போட்டார், பூட்டினார், மூன்றாவது மிதியில் வண்டி எழுந்தது. முதலிலேயே இதைப் போட்டிருக்கலாமே என்றேன். "போட்டிருக்கலாம். நீ கேட்டது ஒரிஜினல்ல" என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பைக்கை மறுபதிவு செய்ய ஒரு காலத்தில் 300 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 1,000. இருபது வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000. இது விண்டேஜ் வண்டியாயிற்றே, சலுகை இல்லையா என்று கேட்டேன். ஐம்பது வருஷம் ஆனால்தான் சட்டப்படி விண்டேஜ். அதற்கும் பதிவுக் கட்டணம் 20,000. முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே அந்தத் தகுதி 2035-ல்தான் வரும். சலுகைப் பேச்சை அதோடு விட்டேன்.

நல்ல சாமான் எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். கடைத்தெருவில் கிடைப்பது பெரும்பாலும் பெட்டி. சாமான் இருப்பது, வண்டியைத் தினமும் ஓட்டியவர்களின் பீரோவில். அதற்கு உங்கள் ஊர் மேஸ்திரி விலாசம் வைத்திருப்பார். அவர் உங்களை நம்பினால் கொடுப்பார். நெய்வேலி விலாசத்தை நான் தரமாட்டேன்.

அடுத்து ராஜ்தூத் 350 ஒன்றை எழுப்பித் தொடராக எழுதச் சொல்கிறார் ஆசிரியர். அதற்கு இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன். வேறு யாரையாவது அனுப்பட்டும்.