மூக்கு ஆடும் செஸ்னா

நோட்பேடில் ஒரு கோப்பு திறந்திருக்கிறது. ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸில் இருக்கும் செஸ்னா 172க்கு உரியது. விமானத்தின் எடை, இறக்கையின் அளவு, சுக்கான்களின் வலு எல்லாம் அதில் வரி வரியாக இருக்கின்றன. கணினி முன் உட்கார்ந்திருப்பவர் மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய், ஃப்ளைட் ட்யூனிங் என்ற பகுதியில் நிறுத்துகிறார். எல்லா வரிகளிலும் 1.0 என்று இருக்க வேண்டிய இடம். பிட்ச் ஸ்டெபிலிட்டிக்கு நேரே மட்டும் 2.5.

யார் மாற்றியது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவருடைய அக்கா மகன் தானாகவே சொல்கிறான்.

"மூக்கு நிக்கவே மாட்டேங்குது மாமா. அதான் ஏத்திப் பாத்தேன்."

"ஏத்தினியே, நின்னுச்சா?"

பையன் யோசிக்கிறான். "மெதுவா ஆடுது."

சரியாகச் சொல்லிவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நான் வாய் திறக்கவில்லை. அந்த வரியின் பெயரில் ஸ்டெபிலிட்டி என்று இருந்தாலும், அது கூட்டிக் குறைப்பது தணிப்பை. மூக்கு எந்தத் திசையில் சுழன்றாலும் அதற்கு எதிராக ஓர் இழுப்பு, அவ்வளவுதான். மூக்கைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது அதன் வேலை இல்லை. கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் கோலிக்குண்டை வைத்து எண்ணெய் ஊற்றினால் குண்டு மெதுவாக உருளும். உருளாமல் இருக்காது.

கோப்பை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைக்கிறார். பழைய எண்ணை ஒரு தாளில் குறிக்கிறார். பிறகுதான் 2.5ஐ அழித்து 1.0 போடுகிறார். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் வலுவையும் பையன் குறைத்திருந்தான். தரையைத் தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்க முடியாமல் முன்சக்கரம் முதலில் இடித்ததற்கு அதுதான் காரணம். அதையும் 1.0க்குக் கொண்டுவந்தாயிற்று. சேமித்து, விமானத்தை மறுபடி ஏற்றுகிறார்.

இனி சோதனை. 100 நாட் வேகத்தில் மட்டமாகப் பறக்கவிட்டு, ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்காமலே அது அப்படியே பறக்கும்படி ட்ரிம்மைச் சரிசெய்து, கையை எடுக்கிறார். பிறகு ஜாய்ஸ்டிக்கை மெல்ல இழுத்து வேகத்தை 90க்கு இறக்கிவிட்டு, விட்டுவிடுகிறார். மூக்கு தானாக இறங்கி, இழந்த வேகத்தைத் தேடிப் போக வேண்டும். போகவில்லை. அண்ணாந்தபடியே இருக்கிறது. 88, 85, 81.

"இப்ப பாரு," என்று எரிபொருள், சுமை ஜன்னலைத் திறக்கிறார். முன்னிருக்கையில் விமானி மட்டும். பின்னிருக்கையில் இரண்டு பேர். அவர்களுக்கும் பின்னால், பெட்டி வைக்கும் இடத்தில் 300 பவுண்டு. நிஜமான 172 எஸ் விமானத்தில் அங்கே 120 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரிலிருந்து அளந்தால், ஈர்ப்பு மையம் 47.3 அங்குலத்தைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது என்பது அதன் கையேட்டு விதி. இங்கே எப்போதோ தாண்டிவிட்டது. ஈர்ப்பு மையம் பின்னால் போகப் போக, மூக்கைத் திருப்பி இழுக்கும் விசை குறைந்துகொண்டே வரும். எல்லையை மிகவும் தாண்டினால் அந்த விசையே இல்லாமல் போகும். 1903இல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் அருகே ஓட்டிய விமானமும் இந்தக் குறையோடுதான் ஏறி இறங்கி அலைபாய்ந்தது.

பின்னால் இருந்தவர்களில் ஒருவர் முன்னிருக்கைக்கு வருகிறார். பெட்டி 50 பவுண்டாகிறது. மறுபடி 100 நாட், மறுபடி ஓர் இழுப்பு. இந்த முறை மூக்கு இறங்குகிறது. வேகம் 100ஐத் தாண்டுகிறது, மூக்கு எழுகிறது, வேகம் குறைகிறது, மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு சிறுத்துக்கொண்டே வருகிறது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த நீண்ட ஊசலாட்டத்துக்கு 1908இல் ஃபுகாய்டு என்று பெயர் வைத்தவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். லான்செஸ்டரின் கணக்குப்படி 100 நாட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 23 நொடி ஆக வேண்டும். கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தபோது பையனின் மாமா முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். வீட்டு மேசையில் ஓடும் ஒரு நிரல் நிஜக் காற்றின் கணக்குக்கு அவ்வளவு நெருங்கி வந்திருந்தது.

பையன் ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறான். ஏறும்போது பின்னால் இழுத்துப் பிடித்தபடியே ட்ரிம்மைத் திருகுகிறான்; மூக்கு மேலும் மேலும் எழும்புகிறது.

"மாமா, இது இன்னும் சரியாகலை."

"விமானம் சரியாத்தான் இருக்கு. உன் கை இழுத்துட்டே இருக்கு பாரு."

நிஜ விமானத்தில் ட்ரிம் திருகத் திருகக் கையில் இருக்கும் பாரம் கரையும். கரைந்து முடிந்தது என்பதைக் கையே சொல்லிவிடும். சாதாரண வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்ப்ரிங். 60 நாட்டிலும் 120 நாட்டிலும் அதே இறுக்கம்தான். ட்ரிம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் இங்கே ட்ரிம்மைத் திருகத் திருக, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அவர் பையனின் கை மேல் தன் கையை வைத்து, ஒரு ஏற்றம் முழுவதும் அதைச் செய்து காட்டுகிறார். கடைசியில் ஜாய்ஸ்டிக்கின் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறைத்து, நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நல் ஸோனை ஒரு துளி கூட்டுகிறார். 74 நாட்டில் செஸ்னா சீராக ஏறுகிறது; ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்கிறது.

உங்கள் வீட்டு விமானத்தின் மூக்கும் இப்படி ஆடினால், ட்யூனிங் எண்களைத் தொடும் முன் சுமை ஜன்னலை ஒரு முறை திறந்து பாருங்கள்.