ஒன்று என்று அச்சாகும்போது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் பெண்கள் 18,52,042 பேர். ஆண்கள் 18,76,062 பேர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்கச் சொன்னால், ‘ஆர்’ என்னும் புள்ளியியல் நிரல்மொழி 0.9871966 என்று காட்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஏழு முக்கிய இலக்கங்கள் வரை அச்சிடுவது அதன் வழக்கம். பிரிண்ட் கட்டளையில் ‘டிஜிட்ஸ்’ அளவை 2 என்று கொடுத்தால் 0.99 வரும். 1 என்று கொடுத்தால், வெறும் 1. ஆணும் பெண்ணும் சரிசமம் ஆகிவிட்டார்கள்! 24,020 பேர் வித்தியாசம் தாளில் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் சமூகப் பொறுப்பு அறிக்கைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். “இவ்வளவு தசமம் எதுக்கும்மா? ஒண்ணுன்னு போட்டுடுங்க” என்றார் அதிகாரி. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அட்டவணை பார்வையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்களுக்கு 987 பெண்கள் என்று மாற்றிக் கொடுத்தேன். நம் கணக்கெடுப்புத் துறை எழுதும் முறையும் அதுதான். தசமமும் போனது, பெண்களும் மறையவில்லை.

1 என்று அச்சிட்டிருந்தால் அடுத்த கேள்வியே எழுந்திருக்காது. அந்த 24,020 எதனால்? ஆலை வேலைக்கு வெளியூர்களிலிருந்து ஆண்கள் தனியாக வந்து தங்குவதாலா? பெண் குழந்தைகள் பிறக்கவிடப்படாததாலா? பிரித்தறிய வேண்டுமானால் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டும். வேலை தேடி வந்த ஆண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஆர் கற்கும் மாணவிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிண்ட் கட்டளை காட்டும் விதத்தை மட்டுமே மாற்றும். உள்ளே இருக்கும் மதிப்பைத் தொடாது. மறுபடி கேட்டால் எல்லா இலக்கங்களும் வரும். ‘ரவுண்ட்’ அப்படியல்ல. அதன் விடையைப் பழைய பெயரிலேயே சேமித்தால் முந்தைய மதிப்பு அழிந்துவிடும்.

எண்ணைச் சுருக்குவது குற்றமில்லை; ஏழு இலக்கத்தை யாரும் வாசிக்கப்போவதில்லை. எத்தனை இலக்கத்தில் நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதே கேள்வி. கூலி விகிதமோ, படிப்பை நிறுத்திய பெண்களின் விகிதமோ ‘கிட்டத்தட்ட சமம்’ என்று உங்கள் முன் வந்தால், சுருக்குவதற்கு முந்தைய எண்ணைக் கேளுங்கள். பக்கத்தில் ஆள்கணக்கையும் அச்சிடச் சொல்லுங்கள்.