பழைய கமராவும் புதிய கமராவும்

கைத்தொலைபேசியிலேயே படம் எடுக்கலாமே, ஏன் இந்தப் பிலிம் கமரா என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. 2009இல் நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வீட்டு அல்பங்களை விட்டுவிட்டு ஓடினோம். பிறகு இந்த நாட்டுக்கு வந்த வழியில் தொலைபேசி தொலைந்தது, அதிலிருந்த படங்களும் போயின. ஆகவே பிள்ளையின் படம் கடதாசியிலும் நெகட்டிவ்விலும் கையில் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம்.

முதலில் வாங்கியது சோர்கி-4. சோவியத் நாட்டில் 1956 முதல் 1973 வரை செய்தது. இங்கே ஜேர்மனியில் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. நல்ல பாரம். தொழிற்சாலையில் இரும்போடு பழகிய கைகளுக்குத் தூக்கியதுமே பிடித்துப்போயிற்று. உள்ளே பார்த்தால் நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்சைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் தூரம் சரி. பற்றரி இல்லை, வெளிச்சம் அளக்கும் கருவியும் இல்லை. வேகத்தை மாற்றுவதென்றால் முதலில் பிலிமைச் சுற்றவேண்டும். மாறிச் செய்தால் பழுதாகிவிடும்.

இப்போது கைக்கு வந்திருப்பது வொய்க்லாண்டர் பெசா ஆர். பெயர் ஜேர்மன், செய்தது ஜப்பானின் கொசினா, வெளிவந்தது 2000இல். புதிது என்கிறோம், அதற்கும் இருபது வயது தாண்டிவிட்டது! இரண்டுக்கும் மரை ஒன்றுதான். சோர்கியின் ஜூபிட்டர்-8 லென்சைக் கழற்றி இதில் பூட்டினோம், அளவாக இருந்தது. மேல்மூடி பிளாஸ்ரிக். விளையாட்டுச் சாமான் போல, முதலில் மனம் ஒட்டவில்லை. ஆனால் கண்ணில் வைத்தால் இரட்டைப் படம் பளிச்சென்று தெரிகிறது. அடியில் சின்ன விளக்குகள்: வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு, சரியென்றால் பச்சை.

அந்தப் பச்சைதான் எங்களுக்குப் பெரிய விசயம். ஊர் வெயில் என்றால் 400 பிலிமுக்குத் துவாரம் 16, வேகம் 500இல் ஒரு பங்கு என்று யோசிக்காமல் வைக்கலாம். இங்கே மார்கழியில் நாலரைக்கே இருட்டு. யன்னலோரம் வெளிச்சம் இருப்பதுபோலத்தான் இருக்கும். கண் பழகிவிடும், பிலிம் பழகாது. வேலை முடிந்து வந்தபின் பிள்ளை விழித்திருப்பது ஒரு மணித்தியாலம். அதற்குள் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? ஊரில் அம்மம்மாவுக்கு அனுப்புகிற படத்தில் முகம் தெரியவேண்டாமா?

பெசாவின் சத்தம் கொஞ்சம் பலம்தான். பற்றரி தீர்ந்தால் விளக்கு மட்டும் எரியாது, படம் எடுக்கலாம்.

சோர்கியை விற்கச் சொன்னார்கள். விற்கவில்லை, கோடைக்கு அது தாராளம்.

சந்தையில் சோர்கி கண்டால் பின்மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் துணித் திரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல வெளிச்சம் வந்தால் வேண்டாம். சுற்றிவிட்டு, ஒரு வினாடியில் வைத்து அமுக்கிக் காது கொடுங்கள். இடையில் சிக்கினால் அதுவும் வேண்டாம். விலை பேச வெட்கப்படாதீர்கள், அங்கே ஜேர்மன்காரரும் பேசித்தான் வாங்குகிறார்கள்.